நாலு மூலையும் ஒரு காதும்

பெட்டியையே எடுப்பிப்போம் என்ற எண்ணம் எனக்கு நெல்லியடிச் சந்தியில், பஸ்ஸுக்குள் நிற்கும்போதுதான் வந்தது. ஒரு கை மேல்கம்பியில், மற்றக் கை போனில். பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவின் மரக்கறிப் பை என் முழங்கால் மடிப்பில் இடித்துக்கொண்டிருந்தது. போன் திரையில் யாரோ வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியை ஒவ்வொரு அடுக்காகத் திறந்து காட்டினார்கள். துணி அட்டை போட்ட புத்தகம். பெரிய கறுப்பு இசைத்தட்டு. ஆறு சீடி. பாடகர்கள் பென்சிலால் குறிப்பெழுதிய தாள்களின் அச்சுப் பிரதி. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசியாக, ஒரு ப்ளூரே டிஸ்க். நாலு மூலையிலிருந்தும் ஒலி வரும் சரவுண்ட் பதிவு அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

அதே நிறுவனம் அந்த டிஸ்கைத் தனியாகவும் விற்றது. ஒரு மட்டை உறை, உள்ளே டிஸ்க், வேறொன்றும் இல்லை. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்புவதுபோல.

அவருக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான் வேண்டியிருந்தது. அது எனக்கு விளங்க ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதத்துக்குள் போகவேண்டியது போய்விட்டது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் உடுப்பிட்டியில் பாதிப்பேர் "ஓ, அந்தக் கதிரை மாத்திற மனுசனோ" என்பார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் இலை போட்ட பிறகும் எழும்பி வேறிடம் போய் இருப்பார். செத்தவீட்டில் பந்தலுக்குள் மூன்று கதிரை மாறுவார். யாராவது பக்கத்தில் வந்து கதைக்கத் தொடங்கினால், கதைப்பவரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் நிற்பார். சில பேருக்கு அது சிரிப்பு. சில பேருக்கு அது மரியாதைக் குறைவு. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன், முதல் அரை மணித்தியாலம்.

அவரை முதன்முதலில் கண்டது நெல்லியடியில் ஒரு மின்சாமான் கடையில். ஸ்பீக்கர் வயர் வாங்க வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து வாசித்தார்.

"பதினொரு அடி நாலங்குலம். பதினேழு அடி. ஒன்பது அடி எட்டரை அங்குலம். பதினாலு அடி."

"அண்ணை, ஒரு ரோலாக் கொண்டுபோய் வீட்டிலை வெட்டுங்கோவன்," என்றார் கடைக்காரர்.

"வீட்டிலை வெட்டினால் மிச்சம் வரும். மிச்சத்தைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறது?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிகவியல் செய்முறை வகுப்பு எடுக்கும் தற்காலிக வேலை. ராத்திரி முழுக்க ஒலிபெருக்கிப் பைத்தியங்களின் இணையக் குழுக்களில் கிடந்து வாசித்த அறிவு. இரண்டும் சேர்ந்தால் வாய் சும்மா இருக்காது. "அங்கிள், சரவுண்டுக்கெண்டால் நாலு வயரும் ஒரே நீளமா இருக்கவேணும்," என்றேன்.

அவர் திரும்பவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்து என்னைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் நின்றார். அதற்குப் பிறகுதான், "என்ன சொன்னனீர்?" என்றார்.

திரும்பச் சொன்னேன். காரணத்தோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்பிடியோ," என்றார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "பதினொரு அடி நாலங்குலம்," என்றார்.

ஆனாலும் வடமராட்சியில் ஒருவர் நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார் என்றால் எந்த வெயிலிலும் நான் ஸ்கூட்டியைக் கிளப்புவேன். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் நின்றேன்.

நில அளவைக் கந்தோரில் படம் கீறிய மனிதர். வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மண்டபத்தில் நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர், ஒரே உயரத்து மேசைகளில். சோபா ஒன்று சுவரோடு தள்ளிக் கிடந்தது. அதில் துணி மடித்து வைத்திருந்தார். இருப்பதற்கு இலேசான பிளாஸ்ரிக் கதிரை ஒன்று. சீமெந்து நிலத்தில் பென்சிலால் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். கதிரையின் முன்கால் எங்கே வரவேண்டும் என்பதற்கு. வயர்கள் ஒரு அங்குலம்கூடத் தொங்காமல் சுவரோரமாகப் போயின.

பக்கவாத்தியங்களோடு கூடிய ஒரு கச்சேரிப் பதிவு போட்டார். முதல் பாட்டு முழுக்க வலது மூலைக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின் மூலைக்குப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்கிள், சரவுண்ட் எண்டால் நடுவிலை இருந்துதான் கேக்கவேணும். அதுக்காகத்தானே நாலு ஸ்பீக்கர்!"

"நடுவிலை இருந்தால் ஒருத்தரும் என்னட்டை வரமாட்டினம், பிள்ளை."

அவர் சொன்னதை வயது போனவர்களின் தத்துவப் பேச்சென்று ஒதுக்கிவிட்டு, எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு மணித்தியாலம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். புறப்படும்போது பார்த்தேன்: அம்பிளிபயரின் பின்பக்கத்தில் மூன்று வயர்கள் கழன்று கிடந்தன. நான் பேசிய நேரம் முழுக்க ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கவனிக்காத எனக்குத்தான் இரண்டு காதும் நல்லது.

அவருக்கு வலது காது கேட்காது. அதை அவர் சொன்னது மூன்றாவது சனிக்கிழமை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது. நான் உடனே, "சண்டையிலை செல் விழுந்ததோ அங்கிள்?" என்றேன். எங்கள் ஊரில் எதற்கும் அதுதானே முதல் கேள்வி.

"எல்லாரும் உதைத்தான் கேக்கினம். ஓமெண்டு சொன்னால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்," என்றார். "இது கூகைக்கட்டு. ஆறு வயசிலை. கழுத்து வீங்கி வத்தினது, காதையும் கொண்டு போட்டுது."

ஒரு காதுக்காரனுக்குத் திசை தெரியாது. எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வரும். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் ஸ்ரீரியோவில் பத்து வாத்தியம் வந்தால் பத்தும் ஒரே சாக்குக்குள் கட்டின தேங்காய்போல. ஆனால் நாலு மூலைப் பதிவில் ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொருவரைப் பிரித்து வைத்திருப்பார்கள். எழும்பிப் போய் ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கலாம். மற்ற மூன்று வயரையும் கழற்றலாம். நாங்கள் எல்லாரும் சரவுண்ட் வாங்குவது நடுவில் இருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பதற்கு. அவர் வாங்கியது ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பதற்கு.

நாள் முழுக்க ஒற்றைக் காதால் உலகத்தைப் பொறுக்கி எடுப்பது எவ்வளவு களைப்பு என்பதை அவர் முகத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் பார்க்கலாம். கண்ணிமை பாரமாகிவிடும். "காது களைச்சுப் போச்சு," என்பார், காலுளைவைச் சொல்வதுபோல. அப்போது கட்டிலில் இடது பக்கமாகப் படுத்து நல்ல காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்வார். அவ்வளவுதான், கடை பூட்டியாச்சு. படலையில் நின்று யார் கூப்பிட்டாலும் கேட்காது. "ஆண்டவர் எனக்கு ஒரு சுவிச்சும் சேர்த்துத்தான் தந்தவர்," என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் தேவாலயப் பாடகர் குழுவில் ஐம்பது வருடம் பாடியவர். பேஸ், ஆண்களின் அடிக்குரல். எல்லாரும் இடது பக்கம் வரும்படியாக வலது கோடியில் போய் நிற்பார். பக்கத்தில் நிற்பவரும் பேஸ். நடுவில் ரெனர், சொப்ரானோ. ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுபவர்கள் மறு கோடியில்.

"பிள்ளை, மாலை ஆராதனை முடிவிலை பாடுற பாட்டு ஒண்டு இருக்கு. ஐம்பது வருசமாப் பாடுறன். அதுக்கை ஆல்ட்டோப் பொம்பிளையள் என்ன பாடினவை எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

"நோட்ஸ் இருக்கும்தானே அங்கிள். பாத்தால் தெரியும்."

"பாத்திருக்கிறன். நான் படம் கீறினவன். ஒரு வீட்டின்ரை படத்தைப் பாக்கிறதும் அந்த வீட்டுக்கை போய் இருக்கிறதும் ஒண்டோ?"

அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்கும் அவசரம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் காது டொக்ரரிடம் போய்விட்டு வந்தவர், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்: "மற்றதும் போகுதாம். ஒரு வருசம் எண்டுறார். அதுக்கு முந்தியும் போகலாமெண்டுறார்."

சரியாக அந்தக் கிழமைதான் பஸ்ஸுக்குள் போனைப் பார்த்தேன். ஐம்பது வருடத்துக்கு முந்தி எங்கோ வடக்கு ஐரோப்பாவில் ஒரு கல் தேவாலயத்தில், நாலு குரலையும் நாலு மூலையில் நிறுத்திப் பதிந்த ஞானப்பாட்டுகள். இப்போது மறுபடி வருகிறது. பாட்டுப் பட்டியலை அவருக்குக் காட்டினேன். மெட்டின் பெயரைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர்கள் தமிழில் பாடும் அந்த மாலைப் பாட்டின் மெட்டு அதுதான்.

பெட்டியா, தனி டிஸ்கா? மூன்று ராத்திரி நான் இணையக் குழுக்களில் இருந்தேன். உலகம் முழுக்க இதே சண்டை. ஒரு டிஸ்குக்காக ஒரு பெட்டியை ஏன் சுமக்கவேண்டும் என்று ஒரு கூட்டம். பெட்டி இல்லாத டிஸ்க் அனாதை என்று ஒரு கூட்டம். வாசித்து வாசித்து எனக்குக் கண் எரிந்தது. ஆனால் முடிவு பஸ்ஸிலேயே எடுத்தாகிவிட்டது.

"அங்கிள், பெட்டிக்குள்ளை அந்த டிஸ்கும் இருக்கு. அதோடை மிச்சம் எல்லாம் இருக்கு."

"என்ன மிச்சம்?"

"ஸ்ரீரியோவிலை ஒருக்கா, மோனோவிலை ஒருக்கா..."

"எனக்கு ஸ்ரீரியோவும் மோனோவும் ஒண்டுதான், பிள்ளை. அதை ரண்டு தரம் தாறானெண்டால் என்னை நக்கலடிக்கிறான்."

"புத்தகம் ஒண்டும் இருக்கு. நூற்றிருபது பக்கம்."

"கண்ணுக்கு அவசரம் இல்லை. காதுக்குத்தான்."

"தனி டிஸ்கை எடுத்துப்போட்டு, பிறகு ஐயோ பெட்டியை எடுத்திருக்கலாமே எண்டு யோசிப்பீங்கள்."

"ஆர், நானோ? நீயோ?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மற்றவர் முகத்தைப் பார்த்து வார்த்தையைப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு ஆறு வயதிலிருந்து.

ரொறன்ரோவில் இருந்த மகள்தான் பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். வீடியோ அழைப்பில் கேட்டார்: "அப்பா, டிஸ்க் எண்டால் நாளைக்கே கவரிலை போட்டு அனுப்புவன். பெட்டியெண்டால் நாலு கிலோ. ஆராவது ஊருக்கு வரேக்கைதான். எது வேணும்?"

"பெட்டி."

"உங்கடை ஆசை மாதிரித் தெரியேல்லையே. பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அது வைகாசி. என் சித்தி ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருவதாக இருந்தது. மூன்று மாதம்தானே என்று நினைத்தேன். இருபத்தாறு வயதில் மூன்று மாதம் என்பது ஒரு விண்ணப்பம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். அவருக்கு அது ஒரு காதின் கால்வாசி.

சித்தி வந்தார். பெட்டியைத் துவாய் ஒன்றுக்குள் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தந்தார். ஒரு கீறல் இல்லை. திறந்தேன். புத்தகம் இருந்தது. கறுப்புத் தட்டு இருந்தது. தாள்கள் இருந்தன. டிஸ்குகள் இருக்கவேண்டிய வட்டப் பள்ளங்களில் வட்டச் சொக்லேற் அடுக்கியிருந்தது.

"சித்தி, இதுக்கை இருந்த டிஸ்க் எல்லாம் எங்கை?"

"அதெல்லாத்தையும் நான் எடுத்து வைச்சிட்டனடி. வீட்டிலை பிஸ்கற் ரின்னுக்கை பத்திரமா இருக்கு. ஓட்டையள் சும்மாதானே கிடந்தது, உனக்கு சொக்லேற் வைச்சனான்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"ஏனோ? எயாப்போட்டிலை டிஸ்கைக் கண்டிட்டு, என்ன இது, ஆற்றை இது, போட்டுக் காட்டு எண்டால் ஆர் பதில் சொல்லுறது? சண்டை நாளையிலை ஒரு பாட்டுக் கசெற்றுக்கு ஆமி செக்பொயின்ரிலை அரை நாள் வெயிலுக்கை நிண்டனான். உனக்கென்ன தெரியும், நீ நேற்றுப் பிறந்தனி."

"இப்ப ஆரும் அப்பிடிக் கேக்கிறேல்லை சித்தி. இது தேவாலயத்துப் பாட்டு."

"அந்தக் கசெற்றும் கோயில் பாட்டுத்தான். அவனுக்கு என்ன தெரியும்?"

"அப்ப இந்தக் கறுப்புத் தட்டு?"

"அது பழங்காலத்துச் சாமான். அதுக்கை என்ன இருக்கப்போகுது?"

கோபிக்க வந்த வாயை மூடிக்கொண்டேன். இருபது வருடம் குளிர்நாட்டில் இருந்தும் அந்த அரை நாள் வெயில் சித்தியின் தோளை விட்டு இறங்கவில்லை. சூட்கேஸ் அடுக்கும்போதெல்லாம் அது தானாகக் கை நீட்டி ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறது. சித்தப்பாவும் கூட வந்திருந்தார். ரொறன்ரோவில் வீடு பூட்டிக் கிடந்தது, எடுத்து அனுப்ப ஆளில்லை. தனி டிஸ்கையாவது எடுப்போம் என்று போனைத் திறந்தேன். "விற்றுத் தீர்ந்தது" என்று சாம்பல் நிற எழுத்தில் இருந்தது.

பெட்டியை அவரிடம் கொண்டுபோனபோது ஆவணி வெயிலில் சொக்லேற் இளகியிருந்தது. நான் கதை முழுவதையும் சொன்னேன், இரண்டு தரம், சத்தமாக. அவர் அடிப்பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு நக்கினார்.

"ஆல்ட்டோ உருகிப்போச்சு, பிள்ளை."

நான் அழப்போகிறேன் என்று கண்டுகொண்டு, புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் படம் பார்க்கத் தொடங்கினார். அன்றைக்கு நான்கு மணிக்கு முன்னமே படுக்கப் போய்விட்டார்.

சித்தி புரட்டாதிக் கடைசியில் திரும்பிப் போனார். ரின்னைத் தேடி எடுத்தார். மகளிடம் கொடுத்தார். மகள் தபாலில் போட்டார். தபால் எங்கெங்கோ படுத்து எழும்பி வந்தது. இதற்கிடையில் சனிக்கிழமைகளில் நான் போனேன். முதலில் பல்லி சொல்வது அவருக்குக் கேட்காமல் போனது. பிறகு கேத்தில் கொதிப்பது. பிறகு நான் படலை திறப்பது. ஐப்பசியில் ஒருநாள் கச்சேரிப் பதிவு முழுக்க அவர் ஒரே இடத்தில் இருந்தார். கதிரையைத் தூக்கவில்லை. நிலத்தில் பென்சில் குறிகள் மேல் தூசி இருந்தது.

டிஸ்க் மார்கழி நடுப்பகுதியில், ஒரு சாதாரணக் கடித உறைக்குள் வந்தது. நாற்பது கிராம் இருக்குமோ தெரியாது.

மழை விட்ட பின்னேரம். அவர் கதிரையை நடுவில் போட்டு இருந்தார். நான் டிஸ்கைப் போட்டேன். நாலு மூலையிலும் கல் மண்டபம் ஒன்று மெல்ல எழும்பியது. அதற்குள் முப்பது நாற்பது பேர் மூச்செடுத்துப் பாடத் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஒலியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"போட்டாச்சோ?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, பிறகு மூன்று விரலைக் காட்டினார். விளங்கியது. மூன்று வயரைக் கழற்றினேன். பாட்டை முதலிலிருந்து விட்டேன்.

அவர் எழும்பிப் போய் ஆல்ட்டோ மூலையில் முழந்தாளிட்டார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றியை அதன் பக்கப் பலகையில் ஒட்டிக்கொண்டார். நாலு சரணம், ஒவ்வொன்றிலும் நாலு வரி. அசையவில்லை. முடிந்ததும், திரும்ப விடு என்று கையால் காட்டினார். மூன்று தரம் விட்டேன்.

எழும்பும்போது நெற்றியில் பலகையின் விளிம்பு ஒரு கோடாகப் பதிந்திருந்தது. நான் ஒரு தாளில் "கேட்டதா?" என்று எழுதி நீட்டினேன். பென்சிலை வாங்கினார். கேள்விக்குக் கீழே, அடிமட்டம் இல்லாமல், ஒரு நேர்கோடு கீறினார். தாளின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும். விளிம்புக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது கோடு ஒரு படி இறங்கி, பிறகு நேராகப் போய் முடிந்தது.

"உவை முழுப்பாட்டும் ஒரே இடத்திலைதான் நிண்டிருக்கினம், பிள்ளை," என்றார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே சொன்னார். "மற்றவை எல்லாம் ஏறி இறங்கித் திரிய, உவை ஒரே இடத்திலை. கடைசியிலை மட்டும் ஒருக்கா இறங்கினவை. பாவங்கள்."

அது கேட்டதா, பலகைக்குள்ளால் நெற்றிக்குத் தெரிந்ததா, ஐம்பது வருடமாகப் பார்த்த நோட்ஸிலிருந்து ஞாபகம் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வைகாசியில் கடித உறையில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மாசியில் மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வான் வந்து நின்றபோது அவர் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கக் கதவால் ஏறினார், நாங்கள் எல்லாரும் இடது பக்கம் வரும்படி. அதனால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை. யன்னலால் எட்டி, "பெட்டியின்ரை மிச்சம் எல்லாம் உனக்கு," என்றார். ஸ்பீக்கர் நாலையும் எனக்குத்தான் விட்டுப்போனார். டிஸ்கை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

இது நடந்து நாலு வருடம். புத்தகத்தை ஒருதரம் வாசித்தேன். நூற்றிருபது பக்கத்தில் ஆல்ட்டோக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இணையக் குழுக்களில் அதே சண்டை இன்னும் நடக்கிறது. நான் பதில் போடுவதில்லை. மகள் இடைக்கிடை எழுதுவார்: "அப்பா சுகம். யன்னலோரம் ஒரே கதிரையிலைதான் இருக்கிறார். அந்த டிஸ்கைப் போடச் சொல்லி, ஸ்பீக்கரிலை நெத்தியை வைச்சுக்கொண்டு கிடப்பார்."

ஒரே கதிரையில் என்று வாசித்த அன்றுதான் இது தோன்றியது. அவர் கேட்க ஆசைப்பட்டது உண்மையில் அந்தக் குளிர்நாட்டு ஆல்ட்டோக்களையா?

போன கிழமை அவருடைய தேவாலயத்துக்குப் போனேன். நான் சைவம், செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று வாசலில் கொஞ்ச நேரம் தடுமாறினேன். பாடகர் குழுவில் இப்போது ஒன்பது பேர்தான். ஆல்ட்டோ இரண்டு பேர். அதில் மூத்தவர், இளைப்பாறிய ரீச்சர் ஒருவர், நான் சொன்னதை நம்பவில்லை.

"நாலு குரலையும் நாலு மூலையிலை விட்டுத் தனித்தனியாப் பிடிக்கப் போறியோ? எங்கடை பிழையெல்லாம் கேக்குமே பிள்ளை."

"கேக்கட்டும் அன்ரி."

"நாங்கள் முழுப்பாட்டும் ஒரே சுரத்திலை நிக்கிற ஆக்கள். அதை ஆர் தனிய இருந்து கேக்கப்போயினம்?"

"ஒராள் இருக்கிறார்." சொன்னேன், யார் என்று.

ரீச்சரின் முகம் சுருங்கியது. "அவரோ? அவர் சரியான பெருமை பிடிச்ச மனுசன் எல்லே. ஐம்பது வருசத்திலை ஒருநாள் எங்கடை பக்கம் தலையைத் திருப்பிப் பாத்திருப்பாரோ?"

"திருப்பினால் அவருக்குக் கேக்காது அன்ரி. இடது காது மட்டும்தான் கேட்டது. உங்கடை பக்கம் காதை வைக்கவேணுமெண்டால் முன்னுக்கு நேராத்தான் பாக்கவேணும்."

ரீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். திறந்தார். அங்கிள் வழக்கமாக நின்ற வலது கோடியைப் பார்த்தார். அங்கே இப்போது மடக்குக் கதிரைகள் அடுக்கியிருக்கின்றன.

"அப்ப எங்கடை மூலையிலை வைக்கிறதைக் கொஞ்சம் கிட்ட வை," என்றார்.

வாற ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு. நாலு போன், நாலு மூலை. இரவல் வாங்கிய போன்களில் ஒன்றுக்கு பற்றறி நிற்காது. அதைப் பேஸ் மூலைக்கு வைப்பேன், அவருக்கு அது தெரிந்த வீடு. எட்டுப்பேர் வரலாம், ஐந்துபேர் வரலாம். பிழை வந்தால் அடுத்த ஞாயிறும். நாலையும் சேர்த்து ஒரே ஒரு டிஸ்க். புத்தகம் இல்லை, படம் இல்லை, பெட்டி இல்லை. கடித உறை இப்போதே வாங்கி, விலாசமும் எழுதி வைத்துவிட்டேன்.